‘அது உங்களுக்கு எப்படித் தெரியும்?’: அணு ஆயுதப் பேச்சுவார்த்தையில் விஞ்ஞானிகளுக்கு என்ன வேலை?

2004 ஜனவரி 8. வட கொரியாவின் யோங்பியோன் அணு வளாகத்தில் ஓர் அறை. சிவப்பு உலோகப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். திறந்தால் உள்ளே வெள்ளை மரப்பெட்டி. அதற்குள் ஜாம் பாட்டில் மாதிரி இரண்டு கண்ணாடிக் குடுவைகள். ஒன்றில் பொடி. இன்னொன்றில் புனல் வடிவில் மெல்லிய உலோகத் துண்டு, 200 கிராம். புளுட்டோனியம், எங்கள் தயாரிப்பு என்றார்கள்.

எதிரே இருந்தவர் சீக்ஃப்ரீட் ஹெக்கர். அமெரிக்காவின் முதல் அணுகுண்டு உருவான லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்துக்கு 1986 முதல் 1997 வரை இயக்குநராக இருந்தவர். படிப்பால் உலோகவியலாளர். அவர் தூதரும் இல்லை, அமைச்சரும் இல்லை. அமெரிக்க அரசு அனுப்பிவைத்த குழுவும் இல்லை அது. ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஒருவர் தலைமையில் போன தனிப்பட்ட பயணம்.

கையில் எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டார் ஹெக்கர். கையுறை கொடுத்தார்கள். குடுவை நன்றாகக் கனத்தது; லேசாக வெதுவெதுப்பாகவும் இருந்தது. புளுட்டோனியம் தானாகவே சிதைந்துகொண்டிருக்கும் பொருள், அந்தச் சிதைவில் வெப்பம் வரும். அடர்த்தி எவ்வளவு என்று கேட்டார். கன சென்டிமீட்டருக்கு 15 கிராமுக்கும் 16 கிராமுக்கும் இடையில் என்று பதில் வந்தது.

நமக்கு அது வெறும் எண். ஹெக்கருக்கு அது பாதி வாக்குமூலம். கலப்பில்லாத புளுட்டோனியத்தின் அடர்த்தி 20-க்குச் சற்றுக் குறைவு. ஆனால் அது எளிதில் நொறுங்கும், அதை வைத்து வேலை செய்வது கஷ்டம். குண்டு செய்கிறவர்கள் அதில் காலியம் என்ற உலோகத்தைத் துளியளவு சேர்த்து வார்ப்பார்கள். அப்போது அது கடைவதற்கு வசதியான இன்னொரு நிலைக்கு மாறும், அடர்த்தியும் 16-க்குப் பக்கத்தில் இறங்கிவிடும். ஆக, இவர்களுக்குப் புளுட்டோனியத்தைப் பிரித்தெடுக்க மட்டுமல்ல, பதப்படுத்தவும் தெரிந்திருக்கிறது.

பிறகு அதிகாரிகள் கேட்டார்கள்: எதிரியை அஞ்சித் தயங்கவைக்கும் எங்கள் அணு ஆயுதத்தைப் பார்த்துவிட்டீர்கள்தானே? இல்லை என்றார் ஹெக்கர். புளுட்டோனிய உலோகம் செய்யும் திறன் இருப்பதாகத் தெரிகிறது, அவ்வளவுதான். அதைக் குண்டாக வடிவமைத்ததையோ ஏவுகணையில் பொருத்தியதையோ நான் பார்க்கவில்லை. இரண்டே வாரத்தில் அமெரிக்க செனட் குழுவின் முன்னும் இதையே சொன்னார். அந்தத் துண்டு அண்மையில் பிரித்தெடுத்ததா, பழைய சரக்கா என்பதை வெறும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

அணு ஆயுத ராஜதந்திரத்தில் விஞ்ஞானியின் வேலை இந்தக் காட்சிக்குள்ளேயே இருக்கிறது. ஒரு நாடு ‘எங்களிடம் இருக்கிறது’ என்கிறது, அல்லது ‘இல்லவே இல்லை’ என்கிறது. தூதர்கள் அதை எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். ஆனால் ‘அது உங்களுக்கு எப்படித் தெரியும்?’ என்று யாராவது கேட்டால், பதில் சொல்ல அளக்கத் தெரிந்தவர் ஒருவர் வேண்டும். எதுவரை தெரியும், எதற்குமேல் தெரியாது என்று கோடு போடவும் அவரே வேண்டும். என் பார்வையில் இந்த இரண்டாவது வேலைதான் கடினம். இரு தரப்பும் தங்களுக்குப் பிடித்த பதிலைக் கேட்கத்தான் காத்திருப்பார்கள்.

இதில் இரண்டு வழிகள் உண்டு. அரசுக் குழுவில் நிபுணராக உட்காருவது ஒன்று. அரசுப் பதவி எதையும் சுமக்காமல் எதிர்த்தரப்பு விஞ்ஞானியிடம் பேசிப் பார்ப்பது மற்றொன்று; இதை இரண்டாம் தடம் என்பார்கள். 1957-ல் கனடாவின் பக்வாஷ் என்ற சிற்றூரில் 22 பேர் கூடியது இந்த இரண்டாவது வகைக்குப் பெயர்பெற்ற தொடக்கம். அந்தக் கூட்டம் முதலில் புது தில்லியில் நடப்பதாக இருந்தது. சூயஸ் கால்வாய் நெருக்கடியால் தள்ளிப்போய், கடைசியில் கனடாவுக்குப் போய்விட்டது.

சரி, அளப்பது என்றால் எதை அளப்பது? நிலத்தடி வெடிப்பை எடுத்துக்கொள்வோம், இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது.

கல்குவாரிக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்குத் தெரியும், வெடி வைத்தால் தரை ‘டம்’ என்று ஒரே அடியாக அதிரும். வெடிப்பு தன்னைச் சுற்றியுள்ள பாறையை எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் வெளியே தள்ளுகிறது. நிலநடுக்கம் அப்படி இல்லை. கனமான பீரோவைத் தரையில் இழுக்கும்போது சிக்கிச் சிக்கி ஒரு கட்டத்தில் சட்டென்று நகருமே, அந்த மாதிரி இரண்டு பாறைத் தட்டுகள் ஒன்றையொன்று உரசி நழுவுவது. முன்னதில் அழுத்த அலை ஓங்கியிருக்கும். பின்னதில் பக்கவாட்டு அலையும் தரையோடு ஊர்ந்துவரும் மேற்பரப்பு அலையும் ஓங்கியிருக்கும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள கருவியில் விழும் கோடுகளைப் பார்த்து, இது இயற்கையா, மனிதன் வேலையா என்று பெரும்பாலும் பிரித்துவிடலாம்.

இந்த ‘பெரும்பாலும்’ என்ற சொல்தான் நாற்பது ஆண்டுப் பேச்சுவார்த்தையை ஆட்டிப்படைத்தது.

1958 ஜூலையில் ஜெனீவாவில் எட்டு நாட்டு நிபுணர்கள் கூடினார்கள். அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், கனடா ஒரு பக்கம். சோவியத் ஒன்றியம், போலந்து, செக்கோஸ்லோவாக்கியா, ருமேனியா மறுபக்கம். அணு ஆயுதச் சோதனைத் தடை ஒன்று வந்தால் அதை மீறுகிறவரைக் கண்டுபிடிக்க முடியுமா என்பதே கேள்வி. ஏழு வாரம் பேசினார்கள். நிலத்தில் 160 முதல் 170 கண்காணிப்பு நிலையங்கள், கடலில் பத்துக் கப்பல்கள் இருந்தால் ஐந்து கிலோடன், அதாவது ஐயாயிரம் டன் டி.என்.டி. வெடிமருந்துக்குச் சமமான சிறிய வெடிப்பைக்கூடக் கண்டுபிடிக்கலாம் என்று ஒருமித்த அறிக்கை கொடுத்தார்கள். பனிப்போரின் நடுவில் இரு முகாமும் ஒரே தாளில் ஒப்புக்கொண்டது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்கா நெவாடாவில் மேலும் சில நிலத்தடி வெடிப்புகளை நடத்தியது. அவற்றின் பதிவுகளைப் பார்த்தால், வெடிப்பையும் நிலநடுக்கத்தையும் பிரிப்பது நினைத்ததைவிடச் சிரமம் என்று தெரிந்தது. 1959 ஜனவரியில் அமெரிக்கா இதைப் பேச்சுவார்த்தை மேசைக்குக் கொண்டுவந்தது. சோவியத் தரப்புக்குக் கோபம்: ஒப்புக்கொண்டதிலிருந்து பின்வாங்கச் சாக்குத் தேடுகிறீர்களா? விஞ்ஞானிக்குப் புதிய தரவு வந்தால் முடிவை மாற்றுவது இயல்பு. எதிரில் இருக்கும் தூதருக்கு அது வாக்குத் தவறுவது. இந்தத் துறையில் இன்றுவரை தீராத உரசல் இது.

போதாக்குறைக்கு இன்னொரு யோசனையும் வந்தது. பெரிய நிலத்தடிக் குகையின் நடுவில் வைத்து வெடித்தால் அதிர்வு பெருமளவு அமுங்கிவிடுமாம். சந்தேகம் வந்தால் நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்றது அமெரிக்கா. நேரில் வருவது என்றால் உளவு பார்க்க வருவது என்றது மாஸ்கோ. கடைசியில் ஆண்டுக்கு எத்தனை நேரடி ஆய்வு என்ற பேரத்தில் வந்து நின்றது. அமெரிக்கா ஏழு, சோவியத் மூன்று. அதற்குமேல் யாரும் நகரவில்லை. 1963 ஆகஸ்ட் 5 அன்று மாஸ்கோவில் கையெழுத்தான ஒப்பந்தம் காற்றிலும் நீரிலும் விண்வெளியிலும் சோதனையைத் தடைசெய்தது. நிலத்தடி மட்டும் விடுபட்டது. சோதனைகள் பூமிக்குள் இறங்கி, பல பத்தாண்டுகள் தொடர்ந்தன.

இந்த முடிச்சு அவிழத் தொடங்கியது ஒரு வினோதமான இடத்தில். 1986-ல் அமெரிக்காவின் இயற்கை வளப் பாதுகாப்புக் கவுன்சில் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு, சோவியத் அறிவியல் கழகத்தோடு நேரடியாக ஓர் உடன்பாடு செய்துகொண்டது. அமெரிக்கத் தரப்பில் தாமஸ் காக்ரன் என்ற இயற்பியலாளர், சோவியத் தரப்பில் எவ்கேனி வெலிகோவ். அரசுகளுக்கிடையே ஒப்பந்தம் ஏதும் இல்லை. மே மாதம் உடன்பாடு. ஜூலையில் கலிஃபோர்னியாவிலிருந்து வந்த நில அதிர்வு நிபுணர்கள், கஜகஸ்தானின் கர்கராலின்ஸ்க் அருகே, செமிபாலட்டின்ஸ்க் சோதனைத் தளத்துக்கு அக்கம்பக்கத்தில், கருவிகளை இறக்கிவிட்டார்கள். முப்பது ஆண்டாக ‘அனுமதிக்கவே மாட்டார்கள்’ என்று வாஷிங்டனில் சொல்லப்பட்டுவந்த காரியம், சில வாரங்களில் சில பெட்டிகளோடு நடந்துவிட்டது.

1988-ல் அரசுகளே இறங்கின. ஆகஸ்டில் சோவியத் நிபுணர்கள் நெவாடாவுக்கு வந்து அமெரிக்க வெடிப்பை அளந்தார்கள். செப்டம்பரில் அமெரிக்கர்கள் செமிபாலட்டின்ஸ்க் போய் சோவியத் வெடிப்பை அளந்தார்கள். ஒருவரையொருவர் அழிக்க ஆயுதம் வடிவமைத்தவர்கள் ஒரே இடத்தில் நின்று கேபிள் இழுத்தார்கள். இந்தப் பழக்கம் பின்னால் வேறொரு விதத்தில் கைகொடுத்தது, அதற்கு வருகிறேன்.

இதற்கிடையே ஜெனீவாவில் ஸ்வீடனின் முன்முயற்சியால் 1976 முதலே ஒரு நிபுணர் குழு ஓசைப்படாமல் வேலை செய்துகொண்டிருந்தது. எந்த நாட்டில் எந்தக் கருவி, தரவை எப்படிப் பரிமாறுவது, எந்த வடிவத்தில் என்பதை எல்லாம் ஒத்திகை பார்த்தே தீர்த்துவைத்தார்கள். அதனால் முழுத் தடை ஒப்பந்தத்துக்கான பேச்சு 1994-ல் தொடங்கியபோது கண்காணிப்பு அமைப்பின் வரைபடம் பெருமளவு தயார். செய்தித்தாளில் வராத இந்த மாதிரி வேலைதான் பல சமயம் கைகொடுக்கிறது.

1996-ல் அந்த ஒப்பந்தம் கையெழுத்துக்குத் திறந்தது. இந்தியா கையெழுத்திடவில்லை. அமெரிக்கா கையெழுத்திட்டது, ஆனால் செனட் 1999-ல் நிராகரித்தது. ரஷ்யா தன் ஒப்புதலை 2023-ல் திரும்பப் பெற்றது. சட்டப்படி இன்னும் அமலுக்கு வராத ஒப்பந்தம். ஆனால் அதற்கென்று திட்டமிட்ட 337 நிலையங்கள், ஆய்வகங்களில் பெரும்பாலானவை ஓடிக்கொண்டிருக்கின்றன. 2006 அக்டோபர் 9 அன்று வட கொரியா தன் முதல் சோதனையை நடத்தியது. ஒரு கிலோடன்கூட இல்லாத வெடிப்பு. அதிர்வு உடனே பதிவானது. ஆனால் சாதாரண வெடிமருந்தை மலை மலையாகக் குவித்து வெடித்தாலும் தரை அதிருமே? பதில் காற்றில் வந்தது. அணுப் பிளவில் உண்டாகும் செனான் வாயு எதனோடும் சேராது, பாறை இடுக்குகள் வழியே கசிந்து வெளியேறும். சுமார் இரண்டு வாரம் கழித்து, வட கனடாவின் யெல்லோநைஃப் நிலையத்தில் காற்றை வடிகட்டிக்கொண்டிருந்த கருவியில் அதன் சுவடு சிக்கியது.

எல்லாமே சிக்கும் என்று நினைக்க வேண்டாம். 1998 மே 13 அன்று பொக்ரானில் நடத்தியதாக இந்தியா அறிவித்த இரண்டு மிகச் சிறிய வெடிப்புகள் வெளிநாட்டு நில அதிர்வு நிலையங்களில் பதிவாகவில்லை.

இப்போது செமிபாலட்டின்ஸ்க்குக்குத் திரும்புவோம். 1949 முதல் 1989 வரை அங்கே 456 சோதனைகள். சோவியத் ஒன்றியம் உடைந்ததும் தளம் கஜகஸ்தான் நாட்டுக்குப் போனது. ரஷ்ய ராணுவம் கிளம்பிவிட்டது. டெகெலென் மலையின் சுரங்கங்களில் நடந்த சில சோதனைகளில் புளுட்டோனியம் வெடித்துத் தீராமல் அப்படியே தங்கியிருந்தது. எந்தச் சுரங்கத்தில், எவ்வளவு என்பது ரஷ்ய விஞ்ஞானிகளுக்கு மட்டுமே தெரியும். கஜகஸ்தானுக்குச் சொல்லப்படவில்லை. வேலையிழந்த உள்ளூர்க்காரர்களோ பழைய செம்புக் கேபிளைத் தோண்டி எடுத்து விற்கச் சுரங்கங்களுக்குள் போய்க்கொண்டிருந்தார்கள்.

1998-ல் அங்கே போன ஹெக்கர், ஒட்டகத்தில் வந்து கேபிள் இழுக்கும் நாலு பேரைத்தான் எதிர்பார்த்திருந்தார். கண்டது, பெரிய இயந்திரங்களால் கிலோமீட்டர் கணக்கில் வெட்டிய பள்ளங்கள். இது திருட்டு இல்லை, தொழில். செம்புக்காகத் தோண்டுகிறவர் கையில் நாளைக்குப் புளுட்டோனியம் சிக்கினால்? படங்களை எடுத்துக்கொண்டு ரஷ்யாவின் சரோவ் ஆயுத ஆய்வுக்கூடத்துக்குப் போனார். 1992 முதலே அவர் அங்கே போய்வந்தவர். சோவியத் உடைந்த புதிதில், சம்பளம் ஒழுங்காக வராமல் தத்தளித்த அந்த விஞ்ஞானிகளோடு கூட்டு ஆய்வுகளைத் தொடங்கிவைத்தவர். அந்தப் பழக்கம் இல்லாவிட்டால், ‘உங்கள் ரகசியச் சோதனையில் என்ன மிச்சம் வைத்தீர்கள்?’ என்று ஓர் அமெரிக்கர் கேட்கும் கேள்விக்கு எந்த ரஷ்யர் வாய் திறப்பார்?

அப்புறம் மூன்று நாடுகள் சேர்ந்தன. விவரம் ரஷ்யாவுடையது, பணம் அமெரிக்காவுடையது, நிலமும் உழைப்பும் கஜகஸ்தானுடையது. யாரும் எடுக்க முடியாதபடி சுரங்கங்களுக்குள் சிறப்புக் கான்கிரீட்டை ஊற்றி மூடினார்கள். 2012 அக்டோபரில் வேலை முடிந்தபோது மலையடிவாரத்தில் முக்கோணக் கல் ஒன்றை நட்டார்கள். 1996–2012, உலகம் மேலும் பாதுகாப்பானது என்று ஆங்கிலம், ரஷ்யம், கசாக் மூன்றிலும் பொறித்திருக்கிறது. அதுவரை வெளியுலகத்துக்கு அனேகமாக எதுவும் தெரியாது.

ஈரானின் அணுத் திட்டத்துக்கு வரம்பு கட்டும் பேச்சு வேறு வகை. இங்கே விஞ்ஞானிகள் நேராகப் பேச்சுவார்த்தை மேசைக்கே வந்தார்கள். 2015-ல் அமெரிக்க எரிசக்தி அமைச்சர் எர்னஸ்ட் மொனிஸ் ஓர் இயற்பியலாளர், எம்.ஐ.டி.யில் பேராசிரியர். ஈரானின் அணுசக்தித் துறைத் தலைவர் அலி அக்பர் சாலேஹி அதே எம்.ஐ.டி.யில் முனைவர் பட்டம் வாங்கியவர். (நம் குரோம்பேட்டை எம்.ஐ.டி. இல்லை, பாஸ்டன் பக்கத்தில் இருப்பது.) மாணவக் காலத்தில் அறிமுகம் இல்லை. ஆனால் பேச்சின்போது சாலேஹிக்குப் பேரக்குழந்தை பிறந்த செய்தி வந்ததும், மொனிஸ் எம்.ஐ.டி. சின்னம் போட்ட குழந்தைப் பரிசுகளைக் கொண்டுவந்து கொடுத்தார்.

அவர்கள் மோதிய கணக்கு இது. ஆயிரம் யுரேனிய அணுக்களை எடுத்தால் அதில் பிளவுக்கு உதவுவது ஏழுதான். மின் உலைக்கு வேண்டியது 190-ல் ஏழு. அதாவது 810 அணுக்களைக் கழிக்க வேண்டும். குண்டுக்கு வேண்டியது எட்டில் ஏழு. இன்னும் 182 கழித்தால் போதும். உலைக்கான யுரேனியத்தைச் செய்து வைத்திருப்பவர் குண்டுக்கான பாதையில் முக்கால்வாசிக்குமேல் வந்துவிட்டார் என்று அர்த்தம். ஆகவே, யுரேனியத்தை வேகமாகச் சுழற்றி வேண்டாத அணுக்களைக் கழிக்கும் மையவிலக்கு இயந்திரங்களின் எண்ணிக்கையை மட்டும் பிடித்துக்கொண்டு சண்டை போடுவதில் பயனில்லை. எத்தனை இயந்திரம், என்ன ரகம், கையிருப்பு எத்தனை கிலோ, எத்தனை சதவீதம், எல்லாம் சேர்த்துப் பார்த்தால்தான், ஈரான் மனம் மாறினால் ஒரு குண்டுக்கான யுரேனியம் சேர எத்தனை மாதம் ஆகும் என்று தெரியும். இரண்டு மூன்று மாதமாக இருந்த அந்தக் கால அளவை ஓராண்டாக்குவதே அமெரிக்காவின் குறி. ஒன்றை விட்டுக்கொடுத்து இன்னொன்றை வாங்க அதில் இடம் இருந்தது. நிறுவியிருந்த சுமார் 19,000 இயந்திரங்கள் 6,104 ஆயின; கையிருப்பு 300 கிலோவுக்குள், 3.67 சதவீதத்துக்குள். 2018 மே மாதம் அமெரிக்கா அந்த உடன்பாட்டிலிருந்து வெளியேறியது. கணக்கில் பிழை என்று அல்ல, ஆட்சி மாறியிருந்தது.

விஞ்ஞானி என்றாலே நடுநிலை என்றும் எண்ண வேண்டாம். இந்திய–அமெரிக்க அணு உடன்பாட்டுக்காக, எந்த உலைகளைச் சர்வதேச மேற்பார்வைக்கு விடுவது என்ற பேச்சு 2006-ல் நடந்தபோது, கல்பாக்கத்தின் வேக ஈனுலைகளை (எரிப்பதைவிட அதிக எரிபொருளை உண்டாக்கும் உலைகளை) அந்தப் பட்டியலில் சேர்க்கவே கூடாது என்று அணுசக்தித் துறைத் தலைவர் அனில் ககோட்கர் வெளிப்படையாகவே சொன்னார். மார்ச்சில் வந்த பட்டியலில் 22 உலைகளில் 14 இருந்தன; கல்பாக்கத்தின் ஈனுலைகள் வெளியேதான் நின்றன. அவர் அங்கே அளப்பவராகப் பேசவில்லை, வேலி போடுபவராகப் பேசினார். அதுவும் இந்த வேலையின் ஒரு பகுதிதான்.

இருண்ட பக்கமும் உண்டு. ஹெக்கர் அந்தக் குடுவையைக் கையில் ஏந்திய ஒரு மாதத்துக்குள், 2004 பிப்ரவரி 4 அன்று, இன்னோர் உலோகவியலாளர் பாகிஸ்தான் தொலைக்காட்சியில் தோன்றி மன்னிப்புக் கேட்டார். அப்துல் கதீர் கான். ஈரான், லிபியா, வட கொரியாவுக்கு மையவிலக்குத் தொழில்நுட்பம் போன வழி அவருடைய வலைப்பின்னல்தான். படிப்பு ஒன்றுதான், போன திசை வேறு.

அந்தத் தொழில்நுட்பம் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதைப் பார்த்தவரும் ஹெக்கரே. வட கொரியாவுக்கு ஏழு முறை போனவர் அவர். 2010 நவம்பரில், யோங்பியோனில் ஒரு கட்டடத்தின் மாடி ஜன்னல் வழியே கீழே பார்க்கச் சொன்னார்கள். பழைய கருவிகள் சில கிடக்கும் என்று நினைத்திருந்தார். பளபளக்கும் மையவிலக்கு இயந்திரங்கள் வரிசை வரிசையாக நின்றன. இரண்டாயிரம் என்றார்கள். அவரால் சுற்றி அளக்க முடியவில்லை. பார்க்க மட்டுமே விட்டார்கள், அதுவும் கொஞ்ச நேரம். திரும்பிவந்து, பார்த்ததை ஒரு பக்கமும் அவர்கள் சொன்னதை ஒரு பக்கமுமாகப் பிரித்து அறிக்கை எழுதினார்.

சர்வதேச அணுசக்தி முகமையின் ஆய்வாளர்களை வட கொரியா அதற்கு முந்தைய ஆண்டே வெளியேற்றியிருந்தது. இன்று யோங்பியோன் உலை ஓடுகிறதா என்று கண்டறிய, செயற்கைக்கோள் படத்தில் ஆற்றில் விழும் குளிர்விப்பு நீரையும், கூரையில் பனி உருகியிருக்கிறதா என்பதையும் பார்க்கிறார்கள்.